முதலில் நியமனம், பிறகு பயிற்சி

2015ஆம் ஆண்டளவில் மலையகப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 3,000 இளைஞர்களும் யுவதிகளும் ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்தவர்கள், பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கென்று தொடக்கத்தில் தீர்மானிக்கப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. அதே காலத்தில் நடைமுறையிலிருந்த கூட்டு ஒப்பந்தப்படி கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, அடிப்படைச் சம்பளம் 450 ரூபாவோடு வரவுக் கொடுப்பனவும் மற்றதும் சேர்ந்து, நாளொன்றுக்கு 620 ரூபா கிடைத்தது. மாதத்தில் இருபது நாள், முழுச் சம்பளத்துக்குரிய ‘முழுப்பேர்’ விழுந்தால் 12,400 ரூபா. அதாவது, பதின்மூன்று வருடம் படித்து, பரீட்சை எழுதி, நேர்முகத் தேர்வுக்குப் போய், சேலை கட்டிக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்த மகளைவிட, மலையேறிக் கொழுந்து பறித்த தாய் இரண்டு மடங்கு சம்பாதித்தாள்.

பின்னர் இந்தக் கொடுப்பனவு 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆனாலும் அந்த முதல் 6,000 ரூபாவைச் சாதாரணச் சம்பளக் குறைவாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் இன்னும் ஆசிரியர்கள் ஆகவில்லை, ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்த பிறகுதான் இலங்கை ஆசிரியர் சேவைக்குள் வருவார்கள் என்பதே அந்தத் தொகைக்குச் சொல்லப்பட்ட நியாயம். நல்லது. ஆனால் ஆசிரியர் ஆகாத ஒருவரின் கையில் மூன்றாம் வகுப்பு முப்பது பிள்ளைகளை ஒப்படைத்தது எந்த நியாயத்தில்? உதவியாளர் என்ற பெயருக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால், அவர் உதவுவதற்கு ஒரு முழு ஆசிரியர் அந்த வகுப்பில் இருந்திருக்க வேண்டும். ஆசிரியர் இல்லாத காரணத்தால்தானே அவரையே நியமித்தார்கள்.

மலையகத்தில் ஆசிரியராவதன் வரலாறு முழுவதையும் இந்த ஒரு நியமனத்துக்குள் பார்த்துவிடலாம். மற்ற இடங்களில் முதலில் படிப்பு, அடுத்து பயிற்சி, அதற்கு அடுத்து வேலை. இங்கே நூறு வருடத்துக்கு மேலாக முதலில் வேலை; பயிற்சி பிறகு, அல்லது இல்லவே இல்லை. ஆட்கள் மாறினார்கள், சட்டங்கள் மாறின, ஆட்சிகள் மாறின. இந்த வரிசை மட்டும் பெரிதாக மாறவில்லை. இதை நேர்வரிசைக்குக் கொண்டுவர எடுக்கப்பட்ட ஒரே பெரிய முயற்சி பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. அது எதைச் சாதித்தது, எங்கே முட்டி நிற்கிறது என்று பார்ப்பதற்கு முன், வரிசை தலைகீழானது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி என்பது சட்டத்தில் முதன்முதலில் ஏறியது 1907இல். அந்த ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவு கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் மேல் போட்டது. துரைக்குப் பள்ளிக்கூடம் என்பது ஒரு செலவுக் கணக்கு. பத்து வயதுக்கு மேல் படித்த பிள்ளை, கொழுந்துக் கூடையை விட்டு விலகக்கூடிய பிள்ளை. ஆகவே சட்டத்தை மீறாத அளவுக்கு மட்டுமே பள்ளி நடந்தது. ஒரு கொட்டகை அல்லது லயத்தின் கோடிக் காம்பிரா. அதில் ஒரே ஆசிரியர். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி வீட்டு ஆளோ, கணக்கப்பிள்ளையோ, இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த ஒருவரோ அந்த இடத்தில் உட்கார்ந்தார். சம்பளம் தோட்டத்தின் கையில். பல இடங்களில் அவரே துரைக்குக் கடிதம் எழுதுபவர், பெயர்ப் பட்டியல் பார்ப்பவர், திருவிழாவில் நாடகம் பழக்குபவர். பயிற்சி பெற்றாரா என்று கேட்பதற்கு யாரும் இல்லை.

இந்த மனிதர்களைக் குறைவாக மதிப்பது தவறு. அவர்களில் பலர் மாலையில் லயத்து வாசலில் பெரியவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள். தொழிற்சங்கம் தோட்டத்துக்குள் நுழைந்தபோது துண்டுப்பிரசுரத்தை உரக்க வாசித்துக் காட்டியவர்கள். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் போன்றவர்கள் எழுதியவை தொழிலாளியின் காதுக்குப் போய்ச் சேர, வாசிக்கத் தெரிந்த ஒருவர் தோட்டத்தில் இருந்தாக வேண்டியிருந்தது. குறை அந்த ஆசிரியர்களுடையது இல்லை. ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரிந்த யாராவது ஒருவர் போதும் என்று தீர்மானித்த ஏற்பாட்டின் குறை அது.

இலங்கை தன் கல்வி வரலாற்றில் பெருமையோடு சொல்லும் ஆண்டு 1945. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியில் இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டப் பள்ளிகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. நாடு முழுவதும் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்துகொண்டிருந்த அதே வருடங்களில் தோட்டத்துப் பிள்ளையின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. 1947இல் கல்விச் சட்டம் திருத்தப்பட்டு, பள்ளிக்கூடக் கட்டடத்தையும் ஆசிரியருக்கு வீட்டையும் தோட்டம் கட்டித்தர வேண்டும் என்று சொல்லப்பட்டது. சொன்னது எல்லா இடத்திலும் நடந்துவிடவில்லை.

அடுத்த வருடம் விழுந்த அடி இதைவிடப் பெரியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதை வாக்குரிமை இழப்பாகவே அதிகம் பேசுகிறோம். கல்விக்கு அது செய்த கேடு இன்னும் ஆழமானது. அரசாங்க ஆசிரியர் வேலைக்கு அடிப்படைத் தகுதியே குடியுரிமை. எத்தனை நன்றாகப் படித்தாலும் பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாத ஒரு தோட்டத்து இளைஞன் ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பிக்க முடியாது. ஒரு தலைமுறைக்கு ஆசிரியத் தொழிலின் கதவு வெளியிலிருந்தே பூட்டப்பட்டது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இங்கே ஏற்கவும் முடிவு செய்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டன. கப்பலேறியவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள், படிப்பித்தவர்களும் இருந்தார்கள்.

ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அறுபதுகளில் மலையக இளைஞர்களிடையே எழுந்த விழிப்புக்கும் எழுத்துக்கும் அவர் ஒரு மையமாக இருந்தார். அவரோடு அதே கல்லூரியில் பணியாற்றிய திருச்செந்தூரன் சிறுகதை எழுதிப் பெயர் பெற்றவர். ஒரு நல்ல பாடசாலையும் அதில் தயாரிப்போடு நின்ற சில ஆசிரியர்களும் ஒரு சமூகத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பத்து வருடங்கள் சாட்சி. அந்தச் சிவலிங்கமும் பின்னாளில் தமிழ்நாட்டுக்குப் போய், நீலகிரியில் தாயகம் திரும்பியோரிடையே வேலை செய்தார். மலையகம் தன் ஆசிரியர்களை உருவாக்கத் தொடங்கிய நேரத்திலேயே அவர்களை இழக்கவும் தொடங்கியது.

எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. கையேற்றபோது அரசுக்குக் கிடைத்தவை நூற்றுக்கணக்கான ஓரறைக் கொட்டகைகளும் பயிற்சியற்ற ஆசிரியர்களும்தான். புதிய ஆசிரியர்களுக்கு வடக்கையும் கிழக்கையும் பார்க்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தார்கள். மலையகத்தில் இன்றைக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும் படித்தவர்களிடம் கேட்டால், தங்களைத் தூக்கிவிட்ட ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியரின் பெயரை நன்றியோடு சொல்பவர்கள் நிறையப் பேர். ஆனால் வெளியூரிலிருந்து வந்தவருக்கு இடமாற்றத்தின் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். குளிர், தனிமை, தங்க வீடில்லாமை. 1983க்குப் பிறகு உயிர்ப்பயமும் சேர்ந்தது. அவர்கள் திரும்பிப் போனார்கள். போனதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எண்பதுகளின் நடுவில் வேறு ஒரு வழி திறந்தது. குடியுரிமைச் சிக்கல் மெல்ல அவிழத் தொடங்கியிருந்தது. 1978 முதல் அமைச்சரவையில் மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் இருந்தார். தோட்டத்திலேயே பிறந்து சாதாரண தரம், உயர்தரம் வரை படித்த இளைஞர்கள் சில நூறு பேர் நேரடியாக ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். சுவீடனின் சீடா நிறுவன உதவியோடு தோட்டக் கல்வி அபிவிருத்தித் திட்டம் ஓடியது. கட்டடங்கள் எழுந்தன, நியமனம் பெற்றவர்களுக்குச் சேவைக்காலப் பயிற்சியும் கிடைத்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் அஞ்சலா லிட்டில் 1999இல் வெளியிட்ட மலையகக் கல்வி பற்றிய ஆய்வு நூல் இந்தக் காலத்தை விரிவாகப் பேசுகிறது. தோட்டத்துப் பிள்ளையே தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியர் என்ற நிலை அப்போதுதான் கணிசமான அளவில் உருவானது. அது பெரிய திருப்பம். பிள்ளைகளின் வீட்டை அறிந்தவர், அவர்கள் பேச்சைப் பேசுபவர், காலையில் பெரட்டுக்குப் போகும் தாய் பிள்ளையை எத்தனை மணிக்கு எழுப்ப முடியும் என்று தெரிந்தவர் வகுப்பறைக்கு வந்தார்.

ஆனால் அப்போதும் நியமனம் முதலில், பயிற்சி பிறகு.

இந்த இரண்டு வரிசைகளையும் அருகருகே பார்க்க வேண்டுமானால் கொட்டகலைப் பக்கம் போக வேண்டும். கொட்டகலை யதன்சைட்டில் அரசினர் ஆசிரியர் கலாசாலை இருக்கிறது. ஏற்கெனவே நியமனம் பெற்று, வகுப்பறையில் நின்றுகொண்டிருப்பவர்கள் விடுப்பில் வந்து பயிற்சி பெறும் இடம் அது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், பத்தனையில், ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. உயர்தரம் முடித்தவர்கள் வேலைக்குப் போகும் முன்பே மூன்று வருடம் தயாராகும் இடம் இது. ஆசிரியர் இல்லாத அவசரத்துக்காக முதலாவது. அந்த அவசரமே வராமல் இருப்பதற்காக இரண்டாவது.

இலங்கையில் கல்வியியற் கல்லூரிகள் 1985இல் தொடங்கின. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் அவற்றுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. இன்று நாடு முழுவதும் 19 தேசிய கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. பத்தனைக் கல்லூரி ஜெர்மனியின் ஜிடிஇஸட் நிறுவன உதவியோடு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவானது. தோட்டப் பள்ளிகளுக்கு, அந்தச் சமூகத்திலிருந்தே, முறையாகத் தயாரான ஆசிரியர்களைத் தருவது அதன் மூல நோக்கம். ஒரு சமூகத்துக்கென்று அரச பணத்தில் கல்லூரியா என்ற எதிர்ப்பு தொடக்கத்திலேயே கிளம்பியது. அனுமதி விகிதம் பற்றிய வாதம் பல வருடம் நீடித்தது. இன்று தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர்கள் ஒன்றாகத் தங்கிப் படிக்கும் கல்லூரியாக அது இருக்கிறது. மூன்று சமூகத்துப் பிள்ளைகளுக்கும் படிப்பிக்கப் போகிறவர்கள் ஒரே விடுதிச் சோற்றைச் சாப்பிட்டு வளர்வதில் தவறேதும் இல்லை, நல்லதே உண்டு. ஆனால் தோட்டப் பாடசாலையின் ஆசிரியர் பற்றாக்குறையைக் கணக்கிட்டுக் கட்டப்பட்ட கல்லூரி, அந்தக் கணக்குக்கு வெளியேயும் ஆசிரியர்களைத் தர வேண்டியிருக்கும்போது, பற்றாக்குறையைத் தீர்க்க வேறு ஏற்பாடு வந்திருக்க வேண்டும். 3,000 ஆசிரிய உதவியாளர்களின் நியமனம், அந்த வேறு ஏற்பாடு வரவில்லை என்பதற்கு அரசே கொடுத்த வாக்குமூலம்.

கல்லூரிக்குள் நடப்பது என்ன? முதல் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு. கல்வி உளவியல், கல்வித் தத்துவம், அளவீடும் மதிப்பீடும், வழிகாட்டல் ஆலோசனை. இவற்றோடு ஆரம்பக் கல்வி, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று அவரவர் தெரிந்தெடுத்த துறை. அருகிலுள்ள பாடசாலைகளில் கற்பித்தற் பயிற்சி: பாடக்குறிப்பு எழுதி, விரிவுரையாளர் பின்வரிசையில் அமர்ந்திருக்க, நாற்பது நிமிடத்தை நடத்திக் காட்ட வேண்டும். மூன்றாம் வருடம் முழுவதும் ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமா, அதன் பின் ஆசிரியர் சேவையில் நியமனம். பல நாடுகளில் இருப்பதுபோலப் பயிற்சிக்கும் வேலைக்கும் நடுவே தனியான உரிமமோ உரிமப் பரீட்சையோ இங்கே கிடையாது. கையில் கிடைக்கும் நியமனக் கடிதம்தான் உரிமம். அதனால்தான் அந்தக் கடிதம் பயிற்சிக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பது இத்தனை முக்கியமாகிறது. தகுதியைச் சோதிக்க அதற்கு அப்பால் வேறு வாசல் இல்லை.

அந்த மூன்றாம் வருடம் மிகவும் விலையுள்ளது. ஒரு புதியவர் தன் முதல் வருடத் தவறுகளை எங்கே செய்கிறார், அப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே நல்ல ஆசிரியரையும் சமாளிப்பவரையும் பிரிக்கிறது. உள்ளகப் பயிற்சியில் இருப்பவருக்கு அதிபர் உண்டு, மூத்த ஆசிரியர் உண்டு, கல்லூரியிலிருந்து பார்க்க வருபவர் உண்டு. டயகமவிலோ மஸ்கெலியாவின் மேல்டிவிசன் ஒன்றிலோ நேரடியாக நியமனம் பெற்ற ஆசிரிய உதவியாளருக்கு இவர்களில் ஒருவரும் இல்லாமலிருக்கலாம். மூன்றாம் வகைப் பாடசாலைகள், அதாவது ஐந்தாம் அல்லது எட்டாம் வகுப்போடு நிற்பவை, மலையகத்தில் ஏராளம். ஆசிரியர் எண்ணிக்கை வகுப்பு எண்ணிக்கையை விடக் குறைந்த இடத்தில் ஒருவரே இரண்டு வகுப்பை ஒரே நேரத்தில் நடத்துகிறார்: ஒரு பக்கம் இரண்டாம் வகுப்புக்கு எழுத்து, மறுபக்கம் நான்காம் வகுப்புக்குக் கணக்கு. ஆசிரியத் தொழிலிலேயே மிகக் கடினமான திறமை இது. தேர்ந்த பயிற்சி பெற்றவருக்கே இது சிரமம். மிகக் கடினமான வகுப்பறை மிகக் குறைந்த தயாரிப்புள்ளவருக்கு என்ற இந்த ஏற்பாட்டை இத்தனை காலம் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்காமல் விட்டது வேதனையானது.

ஆனால் கல்லூரியைப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. சிக்கல் கல்லூரி வாசலுக்கு வெகு தூரம் முன்பே தொடங்குகிறது.

கல்வியியற் கல்லூரிக்கு ஆட்களைத் தெரிவது உயர்தரப் பெறுபேறும் இஸட் புள்ளியும். கணித ஆசிரியராக வேண்டுமென்றால் உயர்தரத்தில் அதற்கேற்ற பாடங்கள் சித்தியடைந்திருக்க வேண்டும். உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இருப்பது 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டும். நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் தமிழ் மொழிமூல 1ஏபி பாடசாலைகளைத் தேடினால் அவை ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களை ஒட்டியே இருக்கும். தோட்டத்திலிருந்து அங்கே போக பஸ் காசு வேண்டும், அல்லது நகரத்தில் தங்க இடம் வேண்டும். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைய வேண்டும். அதற்குத் தோட்டப் பள்ளியில் கணித ஆசிரியர் வேண்டும். கணித ஆசிரியர் இல்லாததால் கணிதத்தில் சித்தியடைவோர் குறைவு. அவர்கள் குறைவதால் உயர்தரக் கணிதப் பிரிவுக்குப் போவோர் குறைவு. அங்கே குறைவதால் கல்வியியற் கல்லூரியின் கணித நெறிக்குத் தகுதியானவர் கிடைப்பதில்லை. அதனால் தோட்டப் பள்ளிக்குக் கணித ஆசிரியர் இல்லை. செக்குமாடு சுற்றும் வட்டம். கலைப் பிரிவில் படித்தவர்கள் ஆரம்பக் கல்விக்கும் தமிழுக்கும் கிடைக்கிறார்கள். விஞ்ஞான மேசைக்குப் பின்னால் இருக்கும் நாற்காலி காலியாகவே இருக்கிறது.

பல்கலைக்கழகப் பாதையிலும் இதே வட்டம் வேறு உருவத்தில் இருக்கிறது. நுவரெலியா, கல்வியில் பின்தங்கியதாக வரையறுக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படையில் 55 வீதமும், பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாக 5 வீதமும் ஒதுக்கப்படுகின்றன. சலுகை மாவட்டத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் ஒரே மாவட்டத்துக்குள் நகரப் பாடசாலையும் உண்டு, பேருந்து போகாத மேல்டிவிசனும் உண்டு. அந்த இடைவெளியை மாவட்டக் கணக்கு பார்ப்பதில்லை. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் மலையகத் தமிழராக உள்ள ஒரு மாவட்டத்தில் இதை எவ்வளவு காலம் பாராமல் இருக்க முடியும்?

இத்தனையையும் தாண்டிப் போனவர்களும் உண்டு. மலையகத்திலிருந்து எழுந்து கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தின் பீடாதிபதியான பேராசிரியர் சோ. சந்திரசேகரன், திறந்த பல்கலைக்கழகத்தில் கல்வித் துறையில் பணியாற்றிய பேராசிரியர் தை. தனராஜ் ஆகியோர் ஆசிரியர் கல்வியையே தங்கள் துறையாக்கிக்கொண்டு, மலையகக் கல்வியின் குறைகளைப் பல பத்தாண்டுகள் தமிழில் எழுதியும் பேசியும் வந்தவர்கள். அவர்கள் சொல்லி வந்தவற்றில் பெரும்பகுதி இன்றும் செய்யப்படாமல் கிடக்கிறது.

டிப்ளோமாவோடு வேலைக்குச் சேர்ந்தவர்களின் அடுத்த ஆசை பட்டம். மகரகம தேசிய கல்வி நிறுவகமும் திறந்த பல்கலைக்கழகமும் வேலையிலிருப்போர் கல்விமாணிப் பட்டம் பெற வழி தருகின்றன. திறந்த பல்கலைக்கழகத்துக்கு ஹட்டனிலேயே ஒரு கற்கை நிலையம் இருப்பது மலையக ஆசிரியைகளுக்குப் பெரும் ஆறுதல். வேறு பாடத்தில் பட்டம் பெற்று ஆசிரியரானவர்கள் பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிக்கிறார்கள். வார நாளெல்லாம் படிப்பித்து, சனி ஞாயிறுகளில் படித்து, வீட்டு வேலையையும் பார்க்கும் இந்தப் பெண்களின் உழைப்பு பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் இதிலும் அதே வரிசைதான் இருக்கிறது: வேலை முன்னால், படிப்பு பின்னால். கற்றுக்கொடுக்கும் வருடங்களிலேயே கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இவர்கள் மேல் மட்டும் ஏன் இத்தனை அழுத்தமாக விழுகிறது?

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இதற்கு எதிர்மாறான ஒரு படத்தைப் பார்க்கலாம். அங்கே பயிற்சி முடித்தவர்கள் ஏராளம், வேலைதான் அரிது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாகியது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012இல் நடந்தது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் அந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது, இருபது வருடம் படிப்பித்தவர்கள் புத்தகத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. இலங்கையிலும் இப்படி ஒரு உரிமப் பரீட்சை வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழும். சல்லடை நல்லதுதான், சலிக்க நெல் இருக்கும் இடத்தில். பரீட்சை தகுதியில்லாதவரை நிறுத்தும், தகுதியுள்ளவரை உருவாக்காது. மலையகத்துக்கு இன்று உருவாக்குவதுதான் அவசரம். 1970களின் இறுதியிலேயே வகுப்பாசிரியருக்கு முதுகலைப் பட்டம் என்று விதித்த பின்லாந்து அதைத் தேர்வால் சாதிக்கவில்லை. கிராமப்புறத்துக்கும் நல்ல பாடசாலை போய்ச் சேர்ந்த பிறகு, அங்கிருந்து வந்த பிள்ளைகளை நீண்ட காலம் தயாரித்துச் சாதித்தது.

இலங்கையில் இன்னொரு முடிச்சும் உண்டு, அது நிர்வாகத்தில் இருக்கிறது. கல்வியியற் கல்லூரிகளை நடத்துவது மத்திய கல்வி அமைச்சு. 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபையின் கீழ். எந்த வலயத்தில் எந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர் குறைவு என்பது மாகாணத்துக்குத் தெரியும். அடுத்த தொகுதியில் எந்த நெறிக்கு எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானிப்பது மத்தி. மத்திய மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்த பின் தேர்தல் நடக்காமல் ஆளுநரின் கைக்கே நிர்வாகம் போனது. தோட்டத்துப் பெற்றோர் கேள்வி கேட்கக்கூடிய, வாக்களித்து அனுப்பிய ஒருவர் அந்த மேசையில் இல்லாமலே ஆண்டுகள் கழிந்தன. இதற்கு மேல் உயர்தரப் பரீட்சைக்கும் கல்லூரி அனுமதிக்கும் இடையிலான காத்திருப்பு. பெறுபேறு வந்து வர்த்தமானி அறிவித்தலுக்காக மாதக்கணக்கில், சில தொகுதிகளுக்கு வருடக்கணக்கில், காத்திருக்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை காத்திருக்கும். தோட்டத்துப் பிள்ளை கொழும்பில் ஒரு துணிக்கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போய்விடும். கல்லூரிக் கடிதம் வரும்போது அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் ஒரு கடன் ஏறியிருக்கும்.

இப்போது, கல்வியியற் கல்லூரிகளைப் பட்டம் வழங்கும் நிறுவனங்களாக மாற்றும் யோசனையை அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் முன்வைத்து வருகின்றன. ஆசிரியராகும் எல்லோரும் கல்விமாணிப் பட்டத்தோடு நுழைய வேண்டும் என்பது நியாயமான இலக்கு. டிப்ளோமாக்காரர், பட்டதாரி என்று ஒரே ஆசிரியர் அறையில் இருக்கும் பிளவு அதனால் குறையும். ஆனால் பத்தனையைப் பொறுத்தவரை அதற்கு முன்பே பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. மூன்று வருடம் நான்காகும்போது அந்த மேலதிக வருடத்தை, சம்பளமில்லாமல், ஒரு தோட்டத் தொழிலாளர் குடும்பம் எப்படித் தாங்கும்? இஸட் வெட்டுப்புள்ளி பல்கலைக்கழக மட்டத்துக்கு உயர்ந்தால், லயத்திலிருந்து வரும் பிள்ளை எத்தனை பேருக்கு அங்கே இடம் கிடைக்கும்? கணிதம், விஞ்ஞானம், ஆங்கில நெறிகளுக்குத் தோட்டப் பாடசாலை மாணவரைப் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே அடையாளம் கண்டு, விடுதியும் உதவிப் பணமும் கொடுத்து உயர்தரம் வரை கொண்டுவரும் ஏற்பாடு கல்லூரியின் வேலைக்குள் சேர்க்கப்படுமா? ஒரே அறையில் இரண்டு வகுப்பை நடத்தும் கலை, பத்தனையின் ஒவ்வொரு ஆசிரிய மாணவருக்கும் கட்டாயப் பாடமாகுமா? உள்ளகப் பயிற்சி வருடத்தை நகரத்துப் பாடசாலையில் கழிக்காமல், நல்ல அதிபர் உள்ள தோட்டப் பாடசாலையில், தங்கும் வீட்டோடு கழிக்க முடியுமா? 1947இல் சட்டத்தில் எழுதப்பட்ட ஆசிரியர் வீடு இன்றும் பல தோட்டங்களில் கட்டப்பட வேண்டிய வீடாகவே இருக்கிறது.